பட்டத்துணி நிழல்

வேண்டாம் தம்பி, கை கொடுக்க வேண்டாம். நான் விழவில்லை, உட்கார்ந்திருக்கிறேன். விழுந்தது சைக்கிள். வயதான ஒருவன் உப்பளத்துச் சாலையில் உட்கார்ந்திருந்தால் விழுந்துவிட்டான் என்றே எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இதே இடத்தில் லாரிகளை மறித்து உட்கார்ந்தவன் நான். அப்போது என்னைத் தூக்க நாலு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது.

மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் ஆறினால் எழுந்துவிடுவேன். வண்டியை அணைத்துவிடுங்கள், பெட்ரோல் வீணாகிறது. ஹெல்மெட்டையும் கழற்றுங்கள், முகம் தெரியாமல் எனக்குப் பேச வராது.

நீங்களும் கடற்கரைக்குத்தான், இல்லையா? பட்டம் பழக, அதைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகைமேல் சறுக்க. எந்த ஊர்? கோயம்புத்தூரா. கம்ப்யூட்டர் வேலையா. அலுவலகத்தில் சங்கம் உண்டா? சரி, அதைப் பிறகு பேசுவோம்.

அவசரப்படாதீர்கள். இப்போது வீசுகிற காற்று என்னைத் தள்ளப் போதும், பட்டத்தைத் தூக்கப் போதாது. வெயில் ஏறித் தரை காய்ந்த பிறகுதான் அந்தக் காற்று கிளம்பும். அதற்கு முன் போனால் மணலில் உட்கார வைத்து நூல் சிக்கெடுக்கச் சொல்வார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? இந்தக் காற்றுக்காலம் முழுவதும் இதே சாலையில்தானே மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் சுடலைமணி. உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் செயலாளர். முன்னாள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஊருக்குள் வேறு யாராவது சந்தோஷமாகச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. துண்டுப் பிரசுரம் படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு நான் எழுதியதும் துண்டுப் பிரசுரம்தான். அதனால் என் பேச்சு அச்சடித்த மாதிரி இருக்கும். என் மனைவி சண்முகக்கனி மகளிடம் சொல்லுவாள், "ஒங்கப்பா சோறு கேட்டாக்கூட, சோறு வழங்கக் கோரின்னுதான் கேப்பாரு" என்று. இரண்டு பேரும் அடுப்படியில் சிரிப்பார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரே மகள். வாலண்டினா. அந்தக் கடற்கரையில் பட்டம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். நீங்கள் இனிமேல் அவளிடம் பழக முடியாது. இன்றோடு போகிறாள். எகிப்தில் ஏதோ பெரிய பட்டப்பள்ளியாம், செங்கடல் கரையில். கடலின் பெயரில் மட்டும்தான் சிவப்பு. பதினொரு மணிக்குக் கடற்கரையிலிருந்து வேன் கிளம்புகிறது, மதுரை விமான நிலையத்துக்கு. அதற்குள் நான் அங்கே போய்ச் சேரவேண்டும். அவளும் நானும் அப்பா மகளாகப் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்று பேசாவிட்டால் இனி எப்போதோ.

மணி என்ன? பத்துதானே. நேரம் இருக்கிறது.

உங்கள் வண்டியிலா? வேண்டாம் தம்பி. நல்ல மனது உங்களுக்கு. ஆனால் யார் பின்னாலாவது உட்கார்ந்து போய் இறங்கினால் கெஞ்ச வந்தவன் மாதிரி இருக்கும். சைக்கிளில் போனால் அப்படி இல்லை. உடற்பயிற்சிக்குக் கிளம்பியவன் வழியில் பார்த்த மாதிரி இருக்கும். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். யார் யாரிடம் எப்படிப் போகிறோம் என்பதில்தான் பேச்சுவார்த்தையே இருக்கிறது.

சைக்கிள், மருத்துவர் சொன்னது. சர்க்கரை கூடிப்போயிற்று. நடங்கள் என்றார், முழங்கால் வலி என்றேன். அப்படியானால் சைக்கிள் மிதியுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வட்டாரத்தில் நான் மிதிக்காத சாலை கிடையாது. முன்னால் கொடி, பின்னால் ஒலிபெருக்கி, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு ஒரு கையால் பிரசுரம் கொடுப்பேன். பிறகு சங்கம் ஜீப் வாங்கியது. ஜீப் வந்த பிறகு வயிறு வந்தது. இருந்தாலும் சைக்கிள்தானே, புதிதாகப் பழக என்ன இருக்கிறது என்று ஏறினேன். தெருமுனை தாண்டவில்லை. தொடை நடுங்குகிறது, ஹேண்டில் பார் தானாக ஆடுகிறது. எதிரே வந்த பால்காரர் வண்டியை ஓரங்கட்டி, நான் கடந்து போகும்வரை இறங்கி நின்றார். சைக்கிள் கடைக்காரருடைய மகள், "தாத்தா, கியரக் கொறைங்க" என்று பின்னால் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். ஏழு கியர் வைத்த சைக்கிள் இது. எனக்கு இன்றுவரை அதில் ஒன்றுதான் பிடிபட்டிருக்கிறது.

முதலில் ரயில்வே கேட் வரை வந்தேன். பிறகு உப்பு அரவை மில் வரை. பிறகு அதோ தெரிகிறதே, பம்புசெட், அதுவரை. அதற்கு மேல் இந்தத் தெற்குக் காற்று விடாது. எதிரே ஒரு ஆள் நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மிதித்தால் சக்கரம் சுற்றுகிறதே தவிர பக்கத்து உப்புப் பாத்தி நகராது. இரண்டு பக்கமும் பாருங்கள், வெள்ளை வெளேரென்று பாத்தி, ஒதுங்க ஒரு செடி உண்டா? ஜீப்பில் போகும்போது இந்த வெயில் எனக்குத் தெரிந்ததில்லை. சுட்டெரிக்கும் வெயில் என்று பிரசுரத்தில் எழுதியிருக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஊரில் இத்தனை சாலை இருக்க ஏன் இந்தச் சாலை என்று கேட்பீர்கள். மற்ற சாலையில் நாய்த் தொல்லை. இங்கே காற்று சுத்தம். அதுதான் காரணம். பம்புசெட்டில் நின்றால் கடல் தெரியும், பட்டங்கள் தெரியும், அது வேறு விஷயம். கண் இருக்கிறவனுக்குத் தெரியத்தானே செய்யும். பழகுகிறவர்கள் பட்டம் குடிகாரன் மாதிரி தள்ளாடித் தண்ணீரில் குப்புற விழும். ஊதாப் பட்டம் ஒன்று இருக்கிறது, அது விழாது. நிதானமாகக் காற்றில் எட்டு எழுதிக்கொண்டிருக்கும். அது அவளுடையது. புதியவர்களை இறக்கிவிடுவதற்கு முன்னால் தனியாக ஒரு தடவை போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வருவாள். அப்புறம்தான் மற்றவர்களை விடுவாள். ஒருநாள் ஊதா மேலே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். சண்முகக்கனி சுவரைப் பார்த்துச் சொன்னாள், "புள்ளைக்குக் கால்ல சிப்பி வெட்டிருச்சி. மருந்து போட்டுருக்கா."

"என்னிடம் ஏன் சொல்கிறாய்?" என்றேன்.

"ஒங்ககிட்ட யாரு சொன்னா? சுவத்துக்கிட்ட சொன்னேன்" என்றாள்.

விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை நான்தான் அவளுக்கு வைத்தேன். மாரியம்மாள் என்று வைக்கச் சொன்ன உறவுக்காரர்களை எல்லாம் பகைத்துக்கொண்டு வைத்தேன். தோளில் உட்கார வைத்து ஊர்வலம் கூட்டிப் போயிருக்கிறேன். மேடையில் என் காலடியில்தான் தூங்குவாள். சட்டம் படிப்பாள், சங்கத்துக்கு வழக்காடுவாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். படித்தாள். ஆனால் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கடற்கரைக்குப் போனாள். வெளியூர்க்காரன் ஒருவன் இங்கே பட்டப்பள்ளி திறந்தான். அவனிடம் பழகினாள், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தாள். உங்களை மாதிரி ஆட்களை இடுப்பில் வார் கட்டித் தண்ணீரில் இழுத்துப் போகிற வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள், பொதுவாகச் சொல்கிறேன்.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன் தம்பி. சங்கத்தில் உறுப்பினராக இருந்தாள், கூட்டத்துக்கு வந்தாள், அளத்துப் பெண்களுக்கு மனு எழுதிக்கொடுத்தாள். பிரச்சினை வந்தது நிழலில்.

உப்பு வாருகிற பெண்களுக்கு ஒதுங்க அளத்தில் கொட்டகை வேண்டும். தகரக் கூரை, குடிதண்ணீர், உட்கார பெஞ்சு. அது எங்கள் நெடுநாள் கோரிக்கை. நான் இளைஞனாக இருந்தபோது எழுதிய முதல் பிரசுரத்திலேயே அது இருக்கிறது. அதற்காக மறியல் செய்திருக்கிறோம், சிறைக்குப் போயிருக்கிறோம். இந்தப் பெண் என்ன செய்தாள்? பட்டப்பள்ளியில் கிழிந்து கழித்துப்போட்ட பட்டங்கள் கிடக்குமே, அந்தத் துணிகளைக் கொண்டுவந்து அளத்து வரப்புகளில் கம்பு நட்டுக் கட்டிவிட்டாள். மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. பெண்கள் வேலைக்கு நடுவே அதன் அடியில் போய் உட்கார்ந்தார்கள். கால் நீட்டி உட்கார்ந்து சிரித்தார்கள். ஒருத்தி குழந்தையைப் போட்டுத் தூங்கவைத்தாள்.

நான் ஜீப்பில் வந்து பார்த்தேன். கேட்பதற்கு நல்ல காரியம் மாதிரி இருக்கிறது, இல்லையா? உங்கள் முகத்தில் தெரிகிறது. இங்கேதான் அரசியல் தெரியவேண்டும். நிழல் கிடைத்துவிட்டால் கோரிக்கை என்ன ஆகும்? நாளைக்கு முதலாளி சொல்லுவான், அதுதான் துணி கட்டியிருக்கிறதே, கொட்டகை எதற்கு என்று. சட்டப்படி வாங்கவேண்டியதைப் பிச்சையாக வாங்கலாமா? பிரிக்கச் சொன்னேன். பெண்கள் யாரும் பிரிக்கவில்லை. மாரித்தங்கம் என்று ஒருத்தி, மூத்த தொழிலாளி, "இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி, கண்ணு கூசாம இருக்கு" என்றாள். கடைசியில் நானே இறங்கிப் பிரித்தேன். காற்றில் துணி கையைவிட்டுப் போய்ப் பாத்தியில் விழுந்தது.

அதன் பிறகு கூடிய சங்கப் பொதுக்குழுவில் அவள் எழுந்து பேசினாள். எல்லார் முன்னாலும். என் எதிரில் நின்று, "அளத்துக்காரன்கிட்ட கொட்டகை கேட்டு ஒங்களால வாங்க முடியல. நான் கட்டுன துணியப் பிரிக்க மட்டும் முடிஞ்சிது, என்னப்பா?" என்று கேட்டாள். அப்பா என்றாள் தம்பி. பொதுக்குழுவில் அப்பா கிடையாது. தோழர்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மகள் என்று சும்மா விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? எத்தனை பேர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருக்கிறேன். மைத்துனனை நீக்கியிருக்கிறேன். அதனால் தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். கட்டுப்பாட்டை மீறியதால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து வாலண்டினா நீக்கப்படுகிறார், தோழர்கள் யாரும் அவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமான வாசகம்தான். அவளை மட்டும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

நீக்கினால் சுவரொட்டி ஒட்டுவது எங்கள் வழக்கம். படம் போட்டு ஒட்டவேண்டும், அப்போதுதான் ஆள் அடையாளம் தெரியும். மோசமான படம் ஒன்று இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. மாநாட்டில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். எழுத்து, சுற்றிலும் கட்டம், எல்லாம் சிவப்பு மையில் வேண்டும் என்று சொல்லித்தான் வந்தேன். அச்சகக்காரன் சிவப்பு தீர்ந்துபோயிற்று என்று கறுப்பில் அடித்துவிட்டான். நடந்தது அத்தனைக்கும் அவன்தான் பொறுப்பு. இன்றைக்கும் அவன் கடைப்பக்கம் நான் போவதில்லை.

உங்களுக்குப் புரிகிறதா? அளத்துச் சுவரெல்லாம், பம்புசெட்டெல்லாம், கறுப்புக் கட்டத்துக்குள் சிரிக்கிற ஒரு பெண்பிள்ளையின் படம். எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கடலில் விளையாடுகிற பெண். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? உப்பு வாருகிற பலகையை அப்படியே போட்டுவிட்டு மாலை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தெருமுனையிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. சண்முகக்கனி முற்றத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். யார் வீட்டு இழவு என்று எழுந்து பார்த்திருக்கிறாள். மாரித்தங்கம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "ஒம் மவ போயிட்டாளே தாயி" என்று அழுதிருக்கிறாள்.

எனக்கு ஓர் ஆள் வந்து சொன்னான். நான் போனபோது சண்முகக்கனி தரையில் கிடந்தாள். கையில் மீன் செதில். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் ஏறி நின்றேன். அந்தச் சத்தத்தில் வேறு எப்படிப் பேசுவது? "தோழர்களே, இது இரங்கல் சுவரொட்டி இல்லை. வாலண்டினா நலமாக இருக்கிறார். இது ஒழுங்கு நடவடிக்கை அறிவிப்பு" என்றேன். அழுகை நின்றது. மாரித்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அவகூட யாரும் பேசக் கூடாது, பழகக் கூடாது, வீட்டுப் படி ஏத்தக் கூடாது. அப்படித்தானே அண்ணாச்சி?"

"ஆமாம்" என்றேன்.

"அப்பொ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் வித்தியாசத்தை விளக்கினேன். விரிவாகவே விளக்கினேன். அவர்களில் ஒருத்திகூட முழுதாகக் கேட்கவில்லை. மாலைகளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். இந்தச் சாலையில்தான், வரிசையாக. அவள் அப்போது தண்ணீரில் இருந்தாளாம். கரையில் மாலையோடு நின்று கத்தி அழைத்திருக்கிறார்கள். பட்டத்தை இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். ஈர உடையோடு அவள் கழுத்தில் எல்லா மாலையையும் போட்டு, தடவிப் பார்த்து, முத்தம் கொடுத்து, மறுபடி அழுதிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டு முதலில் சிரித்தாளாம். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டாளாம். இதெல்லாம் சண்முகக்கனி சுவரிடம் சொன்னது.

அந்தச் சுவரொட்டிகளைக் கிழிக்க ஆள் அனுப்பினேன். போய்ப் பார்த்தால் அதற்குள் பெண்கள் படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மழை வரும்வரை நடுவில் ஓட்டையோடு எழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த பொதுக்குழுவில் என்னை இறக்கிவிட்டு மாரித்தங்கத்தைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எனக்குச் சுவரொட்டி ஒட்டவில்லை. காகிதத்துக்குக் கேடு என்றார்களாம். ஜீப் போயிற்று. கொட்டகையா? இன்னும் வரவில்லை. கோரிக்கை உயிரோடு இருக்கிறது.

மாரித்தங்கம் வந்ததும் முதல் வேலையாக என் மகளுடைய நீக்கத்தை ரத்து செய்யலாம் என்றாள். நான்தான் எழுந்து எதிர்த்தேன். ஏன் என்றா? விதி தம்பி. நீக்கப்பட்டவர் வருத்தம் தெரிவித்தால்தான் ரத்து செய்யமுடியும். வருத்தம் தெரிவிக்காமல் சேர்த்தால், நீக்கியது தவறு என்று ஆகிவிடாதா? அது சங்கத்துக்கு இழுக்கு. "அண்ணாச்சி, ஒங்க மவளத்தான் சேக்கப் போறோம்" என்றாள் மாரித்தங்கம். தெரியும் என்றேன். கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது.

சண்முகக்கனி நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "நான் என்ன ஒங்க சங்கத்துல உறுப்பினரா? எனக்கு அந்தத் தீர்மானம் செல்லாது" என்பாள். மகள் வீட்டுக்கு வருவதில்லை. கடற்கரைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டாள். பொங்கலுக்குக்கூட வரவில்லை. நான் போன் செய்தால் எடுப்பாள், பேசமாட்டாள். காற்றுச் சத்தம் கேட்கும். அவள் மூச்சும் கேட்கும். நானும் பேசமாட்டேன், முதலில் அவள் பேசட்டும் என்று. அப்படியே வைத்திருந்துவிட்டு வைத்துவிடுவோம். வாரத்தில் ஒரு தடவையாவது அப்படிச் செய்வோம்.

ஒரே ஒருமுறை பேசியிருக்கிறாள். இந்தக் காற்றுக்காலத் தொடக்கத்தில். பம்புசெட் வரை வந்த முதல் நாள், ஒரு லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பாத்திக்குள் இறங்கிவிட்டேன், சைக்கிளோடு. உப்புத் தண்ணீர் கண்ணில், வாயில். எழுந்து நிற்கிறேன், எதிரே அவள் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறாள். கறுத்துப்போயிருந்தாள். தோள் அகன்றிருந்தது. கையில் நூல் அறுத்த தழும்பு. சைக்கிளைத் தூக்கி மேலே வைத்தாள். பிறகு, "சார், ஒங்க சீட்டு ரொம்பக் கீழ இருக்கு. முழங்கால் நல்லா நீளல. அதான் வலிக்கும்" என்றாள்.

சார்.

"என்ன வாலா?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், உப்பு.

"தொடர்பு வச்சிக்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு சார். நான் கோச். புதுசாப் பழகுறவங்க யாருன்னாலும் சொல்லிக்கொடுப்பேன்." பையிலிருந்து ஸ்பானர் எடுத்து, இருக்கையை உயர்த்தி, ஏறி உட்காரச் சொன்னாள். முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் ஒரு விரல்கடை உயர்த்தினாள். "எதிர்காத்துல நிமுந்து உக்காந்து மிதிக்கக் கூடாது. குனியணும். நெஞ்ச நிமுத்திக்கிட்டுப் போனா காத்து புடிச்சித் தள்ளத்தான் செய்யும்" என்றாள். குனியணும் என்றாள் தம்பி, என்னிடம்.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்கிறேன். எத்தனை தோழர்கள் தீர்மானம் போட்ட மறுநாளே நீக்கப்பட்டவனோடு டீ குடிப்பார்கள். இவள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறாள். நான் வளர்த்த வளர்ப்பு. ஸ்கூட்டரில் ஏறியவள் கொஞ்சம் நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். "நன்றி" என்றேன். போய்விட்டாள்.

இன்று என்ன சொல்லப் போகிறேன் என்றுதானே கேட்கிறீர்கள். இரவு முழுவதும் யோசித்து முடிவு செய்துவிட்டேன். அவள் பொதுக்குழுவுக்கு வரவேண்டாம். யார் முன்னாலும் நிற்கவேண்டாம். வருத்தம் என்ற ஒரே சொல்லை என்னிடம் தனியாகச் சொன்னால் போதும். நான் ஏற்றுக்கொள்வேன். இது எவ்வளவு பெரிய தளர்வு என்று உங்களுக்குத் தெரியாது, சங்கத்து ஆட்களுக்குத் தெரியும். அவள் சொல்லிவிட்டால் நானும் சில விஷயங்கள் சொல்லலாம். ஊதாப் பட்டம் எட்டு எழுதுகிறதைப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

நானே முதலில் சொல்வதா? எதை? எனக்கு என்ன வருத்தம்?

தம்பி, நீங்கள் நல்லவர். ஆனால் இயக்கம் தெரியாதவர்.

காலையில் சண்முகக்கனி ஆட்டோவில் போனாள், வழியனுப்ப. வீட்டில் கூப்பிடவில்லை. சாலையில் என்னைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னாள். நான் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டேன். கண் சிவந்திருந்தது அவளுக்கு. "வந்துருவீங்களா?" என்றாள். சுவரிடம் இல்லை, என்னிடம். வந்துவிடுவேன் என்றேன். வந்துவிடுவேன். கொஞ்சம் மூச்சு சீராகட்டும்.

பொறுங்கள். அதென்ன புழுதி? அங்கே, மில்லுக்கு அந்தப் பக்கம் இல்லை, கடல் பக்கம். வெள்ளை வேனா? மேலே பலகை கட்டியிருக்கிறதா பாருங்கள், எனக்குக் கண் கூசுகிறது. மணி என்ன இப்போது?

பத்து என்றீர்களே. அது நான் பேசத் தொடங்கியபோதா.

தம்பி, இப்படி வாருங்கள். எனக்கு முன்னால் நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். நான் சங்கிலியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன். தரையில் உட்கார்ந்துகிடக்கிறேன் என்று அவள் நினைக்கக் கூடாது. வேகம் குறைகிறதா? நிறுத்துகிறார்கள். நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள்.

போய்விட்டதா?

நன்றாகப் பாருங்கள், திரும்புகிறதா என்று. மில் தாண்டிவிட்டதா. சரி.

அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "அண்ணே, பெரியவர் ஏதாச்சும் சொல்லணும்னாரா?" என்றாள். வேனுக்குள் சண்முகக்கனி மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது, அவளும் விமான நிலையம் வரை போகிறாள் போல. நீங்கள், "இல்லைங்க, சும்மா களைப்புத்தான்" என்றீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? என் சார்பில் பதில் சொல்ல உங்களை யார் நியமித்தார்கள்? இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டீர்களே.

நான் கையை ஆட்டினேனா? ஆட்டியிருப்பேன். கையை ஆட்டினால் இல்லை என்றுதான் பொருளா? பொறு என்று இருக்கக் கூடாதா? இதோ வருகிறேன் என்று இருக்கக் கூடாதா?

நீங்கள் சொன்ன பிறகும் வேன் நின்றது, இல்லையா? எனக்கு இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போன் மாதிரியேதான். நான் சங்கிலியைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். அது கழலவே இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

கோபமில்லை தம்பி. கோபப்பட்டுப் பேசிவிட்டேன், நீங்கள் போய்விடாதீர்கள். காற்று கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. இப்படி உட்காருங்கள். நான் குனிந்திருந்தேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் வேன் சக்கரமும் உங்கள் செருப்பும்தான். நீங்கள் நிமிர்ந்து நின்றீர்கள். பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். கண்ணாடியை முழுக்க இறக்கியிருந்தாளா, பாதியா? கை வெளியே இருந்ததா? நான் எழுந்திருக்கமாட்டேன் என்று தெரிந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது?

சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன்.